திரும்பி வந்தவர்களை எப்படிக் கணக்கெடுப்பது? சுங்கை சிப்புட் வட்டார ஆய்வுக்கு யோசனை தேவை

லயத்துப்பதிவு:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் இடம் பெயர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களைப் பற்றியும் மற்ற இனத்தாரோடு அவர்களுடைய சமாதானத்தைப் பற்றியும் ஓர் ஆய்வுக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். குழுவில் மூன்று பேர், எட்டு மாத அவகாசம். மூன்று அலைகளை எடுத்திருக்கிறோம். ஜப்பான்காரன் காலத்தில் சயாம்-பர்மா மரண ரயில் பாதை போடுவதற்குக் கொண்டுபோகப்பட்டு 1945க்குப் பிறகு திரும்பியவர்களின் குடும்பங்கள் முதலாவது. 1948 முதல் 1960 வரை, கம்யூனிஸ்ட்டுகளை அடக்க வந்த அவசரகாலத்தில், சிதறிக் கிடந்த லயங்களைக் (தொழிலாளர் வரிசை வீடுகளைக்) காலி செய்து கம்பிவேலிக்குள் கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள் அடுத்தது. தோட்டத் துண்டாடலிலும் பிறகு நில மேம்பாட்டிலும் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) வந்தவர்கள் மூன்றாவது.

படிவத்தில் 64 கேள்விகள் இருக்கின்றன. "எந்த ஆண்டு இடம் பெயர்ந்தீர்கள்?", "எந்த ஆண்டு திரும்பினீர்கள்?", "மற்ற இனத்தாரோடு உங்கள் உறவு எப்படி: மிக நன்று, நன்று, சுமார்?" என்ற மாதிரி. சோதனைக்காகச் சில வீடுகளில் கேட்டதில் ஆண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உறவைப் பற்றிய கேள்விக்கு எல்லாரும் "நன்று" என்கிறார்கள். எங்கே திருத்த வேண்டும்?

கிராணிமேசை:

தம்பி, படிவத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் ஏடுகளைத் தேடுங்கள். ஆண்டை ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய், நடந்ததை மனிதர்களிடம் கேட்க வேண்டும். எழுபது வருடத்துக்கு முன்பு நடந்ததற்கு எந்த ஆண்டு என்று கேட்டால், கேட்கிறவர் மனம் நோகக் கூடாதென்று ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

இருப்பதிலேயே நல்ல ஏடு தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளைக்கு ஒரு வரி. சேர்ந்த தேதி, பெயர், தகப்பனார் பெயர், முன்பு படித்த பள்ளி, விலகிய தேதி, விலகிய காரணம். எல்லாப் பள்ளியிலும் எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்காது, ஆனால் தேதிகள் பெரும்பாலும் இருக்கும். ஒரே வாரத்தில் இருபது பிள்ளைகள் விலகியிருந்தால் ஒரு லயம் காலியாகியிருக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் அதே தகப்பன் பெயர்களோடு பிள்ளைகள் சேர்ந்திருந்தால், எங்கே போனார்கள் என்பதும், கூட்டமாகப் போனார்களா சிதறிப் போனார்களா என்பதும் தெரிந்துவிடும்.

இதில் தவறு வரும் இடங்கள் சில. பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிய இடத்தில் ஒரே முனியாண்டி நாலு விதமாக இருப்பார். எனவே பெயரை மட்டும் வைத்துப் பொருத்தாதீர்கள். தகப்பன் பெயர், பிள்ளையின் வயது, கூடப் பிறந்தவர்கள் மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஒரே குடும்பம் என்று குறியுங்கள். பிறந்த தேதி ஜனவரி 1 என்று வரிசையாக இருந்தால் அது ஆசிரியர் குத்துமதிப்பாகப் போட்டது. அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது குறைவு, ஆகவே பெண் பிள்ளை மட்டும் இருந்த வீடுகள் ஏட்டில் விழாமல் போகும். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். ஏட்டை முழுசாகப் படம் பிடிக்க வேண்டாம், தேவையான கட்டங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

செக்ரோல் (தோட்டத்து ஆள்கணக்கு, சம்பள ஏடு) கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். கம்பெனி கை மாறும்போது பெரும்பாலும் எரித்துவிடுவார்கள். கோயில் உபயக் கணக்கு நோட்டை யாரும் எரிக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஆண்டுத் திருவிழாவுக்கும் எந்த லயத்து ஆட்கள் எந்த உபயம் என்று வரிசையாக இருக்கும். ஒரு லயத்தின் உபயம் எந்த ஆண்டு நின்றது, எந்த ஆண்டு வேறு கோயில் நோட்டில் வந்தது என்று பாருங்கள்.

அரசாங்கப் பக்கத்துக்குக் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் (பழைய ஜாலான் டூத்தா) உள்ள தேசிய ஆவணக் காப்பகம். லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் சிஓ 717, சிஓ 1022, எஃப்சிஓ 141 ஆகிய தொகுப்புகள். அவை அதிகாரிகள் எழுதியவை என்பதை மறக்க வேண்டாம். வேலி போட்டாயிற்றா, கேட்டுக்குக் காவல் உண்டா என்பது அதில் இருக்கும். லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகை என்ன ஆயிற்று என்பது இருக்காது. அதைத்தான் நீங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.

வன்னிக்களம்:

வணக்கம். வடக்கு இலங்கையின் மீள்குடியேற்றக் கணக்குகளோட வேலை செய்யிற ஆள் எண்ட முறையில எழுதுறன். "எந்த ஆண்டு திரும்பினீர்கள்" எண்ட கேள்விதான் அங்கேயும் கனக்க ஆய்வுகளைப் பாழாக்கினது.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கோ. 2009ல போர் முடிய, மூன்று லட்சம் அளவு சனத்தைச் செட்டிகுளம் மெனிக்பாம் போன்ற முகாம்களில வைச்சிருந்தினம். 2012 செப்டம்பரில மெனிக்பாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியில வந்தவை முல்லைத்தீவு கேப்பாப்புலவுப் பக்கத்து ஆக்கள். அவையளின்ர காணியில படை இருந்தது. அதால அவையளைச் சொந்த வளவுக்கு விடேல்லை, சீனியாமோட்டையில கொண்டுபோய் விட்டது. முகாம் கணக்கில ஆக்கள் பூச்சியம். 2017ல அதே சனம் தங்கட காணியைக் கேட்டு வீதியில இருந்து போராடினது. "எந்த ஆண்டு திரும்பினீர்கள்" எண்டு கேட்டால் அவை என்ன எழுதுறது?

அதால திரும்புறதை ஒரு தேதியாக எடுக்காதீங்கோ. நாலாகப் பிரியுங்கோ. இரவு எங்க படுக்கினம், உழைப்பு எங்க, கையில என்ன பத்திரம், பக்கத்தில ஆர். இந்த நாலும் ஒரே ஆண்டில திரும்பிறது மிகக் குறைவு. ஆம்பிளையள் முன்னுக்குப் போய்ப் பத்தை வெட்டி, கிணறு இறைச்சுக்கொண்டிருப்பினம். பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்காகத் தாய் பழைய இடத்திலேயே இருப்பா. அந்தக் குடும்பம் திரும்பிட்டுதோ இல்லையோ எண்டு ஒரு பெட்டியில சரி போட ஏலாது.

1998ல வந்த ஐநாவின் உள்நாட்டு இடப்பெயர்வு வழிகாட்டுக் கொள்கைகளையும், 2010ல வந்த நிலையான தீர்வுகளுக்கான சட்டகத்தையும் வாசியுங்கோ. சட்டகத்தில மூன்று வழி இருக்கு: பழைய இடத்துக்குத் திரும்பிறது, இருக்கிற இடத்திலேயே வேரூன்றிறது, வேறொரு இடத்தில குடியமர்றது. எதைத் தெரிவு செய்தாலும் அளக்கிற விஷயம் எட்டு. பாதுகாப்பு, போதுமான வாழ்க்கைத்தரம், உழைப்பு, வீடு காணி உரிமை, ஆவணங்கள், பிரிஞ்ச குடும்பம் சேர்றது, பொது விஷயங்களில பங்கு, நடந்த அநியாயத்துக்கு நிவாரணம். உங்கட 64 கேள்வியையும் இந்த எட்டுக்குக் கீழ வைச்சுப் பாருங்கோ. எதுக்குக் கீழ ஒண்டும் வரேல்லையோ அதுதான் படிவத்தின்ர ஓட்டை.

இன்னொண்டு, குடும்பத்தை அலகாக வைக்காதீங்கோ. 1990 அக்டோபரில வடக்கு முஸ்லிம்கள் 75,000 பேர் அளவில புலிகளால வெளியேற்றப்பட்டவை. கனபேர் புத்தளத்தில இருபது வருஷம் இருந்தினம். வெளிக்கிடேக்க ஒரு குடும்பம்; போர் முடிஞ்சு திரும்பலாம் எண்டேக்க பிள்ளையள் கலியாணம் கட்டி மூண்டு நாலு குடும்பம். காணி அதே ஒண்டு. 1990 எண்ணிக்கையை வைச்சு உதவி குடுத்தால் முக்கால்வாசிப் பேருக்கு இடமில்லை. 2010 எண்ணிக்கையை வைச்சால் "இவ்வளவு பேர் இருக்கேல்லையே" எண்டு பக்கத்து ஊர் கேக்கும். அந்தச் சண்டைக்குப் பாதிக் காரணம் கணக்கெடுத்த முறை. ஆளை அலகாக வையுங்கோ. இடம்பெயர்ந்த அண்டைக்கு ஒரே உலையில சாப்பிட்ட ஆக்களை மூலக் குடும்பம் எண்டு எழுதி, அதில இருந்து கிளை பிரியுங்கோ.

லயத்துப்பதிவு:

மிகவும் நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். வடக்கில் காணி சொந்தமாக இருந்தது. இங்கே லயம் கம்பெனியுடையது. தோட்டத்து ஆட்களுக்கு நிலப் பத்திரமே கிடையாதே. அப்படியானால் நீங்கள் சொன்ன நாலில் மூன்றாவதான பத்திரக் கேள்வியை எடுத்துவிடலாமா?

சட்டத்தாள்:

எடுக்கவே கூடாது. இங்கே பத்திரம் என்றால் அடையாளக் கார்டு. 1948ல் அவசரகாலத்தோடு சேர்ந்து 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஐசி கட்டாயமானது. அது இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது, ரேஷன் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திர வரிசை எழுதுங்கள்: முதல் ஐசி எங்கே எடுத்தது, முகவரியாக எந்தத் தோட்டம், 1957க்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப் போட்டார்களா, சிவப்பு ஐசியா (குடியுரிமை இல்லாதவர்) நீல ஐசியா (குடிமக்கள்), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் என்ன இருக்கிறது. லயம் காலி செய்த குழப்பத்தில் பிறப்பைப் பதியாமல் விட்ட வீடுகளில் அந்தக் குறை பேரப்பிள்ளை வரைக்கும் வந்து நிற்கலாம்.

1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. அதையொட்டி 60,000 பேர் அளவில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். சயாமுக்குப் போய் உயிரோடு வந்து, கம்பிவேலிக்குள் பல வருடம் இருந்து, பிறகு காகிதம் இல்லாததால் கப்பல் ஏறியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். உங்கள் மாதிரியில் அவர்கள் இல்லை. இன்று சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் தங்கியவர்களின் கதை மட்டும்தான் வரும். ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் "உங்கள் லயத்திலிருந்து ஊருக்குப் போனவர்கள் யார், இன்னும் தொடர்பு உண்டா" என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து குடும்பத்தையாவது தமிழ்நாட்டில் போன் மூலம் பிடிக்கலாம். அவர்கள் இல்லாமல் "பெரும்பாலோர் தங்கி வேரூன்றினர்" என்று எழுதினால் அது ஆய்வாகாது.

இலங்கைக் காரியத்திலும் காகிதம்தான் கழுத்தைப் பிடித்தது. அங்கே பிறர் காணியில் பத்து வருடம் தடையில்லாமல் இருந்தால் உரிமை கேட்கலாம் என்பது பழைய சட்டம். போரில் ஓடியவரின் காணியில் வேறொருவர் இருந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்காகவே 2016ல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தைக் கழிப்பதற்கு. போர் முடிந்து ஏழு வருடம் கழித்து வந்தது. இடப்பெயர்வு ஆய்வில் காகிதக் கேள்வியைப் பின்னிணைப்பில் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கிராணிமேசை:

சட்டத்தாள் சொல்வதோடு இதையும் சேருங்கள். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்று. வேலை போனால் வீடும் போச்சு. ஆகவே இங்கே இடப்பெயர்வுத் தேதியும் வேலை நீக்கத் தேதியும் பெரும்பாலும் ஒரே தேதி. மூன்றாவது அலைக்கு இதுதான் அடிப்படை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது இது வெட்டவெளிச்சமானது. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் காரணம் இதுதான். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது. பழைய பங்குப் புத்தகம் இன்னும் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், தேதியோடு கிடைக்கும்.

பேராக்_டீச்சர்:

பேட்டி எடுக்கும் முறையைச் சொல்கிறேன். 64 கேள்விப் படிவத்தை 85 வயதுப் பாட்டியிடம் நீட்டாதீங்கம்மா. ஒரு பெரிய தாளில் காலக்கட்டம் (ஆண்டு அட்டவணை) போடுங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாக ஆண்டுகள். குறுக்கே ஆறு பத்தி: வீடு, வேலை, பள்ளிக்கூடம், கல்யாணம் பிள்ளைப்பேறு சாவு, காகிதம், ஊரில் நடந்தது. கடைசிப் பத்தியை மட்டும் முன்கூட்டியே நீங்கள் நிரப்பிக்கொண்டு போகணும். ஜப்பான்காரனின் வாழைமர நோட்டு செல்லாமல் போனது 1945. எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டது 1948 ஜூன் 16. மெர்டேக்கா (சுதந்திரம்) 1957. அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31. மே 13 இனக்கலவரம் 1969. இவைதான் ஆணி. மற்ற எல்லாவற்றையும் "அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டு இந்த ஆணிகளுக்கு நடுவில் மாட்டணும். "மூத்த பையன் அப்போ நடக்க ஆரம்பிச்சிட்டானா?" என்று கேட்டால் வருகிற பதில், "எந்த வருஷம்" என்று கேட்டால் வராது.

இரண்டு தடவை போகணும். முதல் தடவை ஒரு மணி நேரம், அவர்கள் போக்கில் விட்டுக் கேட்பது. இரண்டாவது தடவை ஒரு வாரத்துக்குள், காலக்கட்டத்தோடு. காலை ஒன்பது பத்து மணிதான் வயசானவர்களுக்கு நல்ல நேரம். சாப்பாட்டுக்குப் பிறகு களைத்துவிடுவார்கள். பதிவுக் கருவி ஒன்று, அது நின்றுபோனால் உதவ போன் ஒன்று. போனை விமான முறையில் போட மறக்காதீர்கள். மேலே ஓடுகிற ஃபேன் சத்தம் பாதிப் பேச்சைத் தின்னும், கருவியைப் பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள் மெத்தென்ற துண்டின் மேல் வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். நாற்பது பேட்டி, இரண்டு இரண்டு தடவை என்றால் குழுவில் ஒருவருக்கு எட்டு மாதத்தில் பாதி அதற்கே போகும். எண்ணிக்கையை முடிவு பண்ணும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். 1948ல் 12 வயசு என்றால் இன்றைக்குத் தொண்ணூறை நெருங்குகிறார். சயாமுக்கு வேலைக்குப் போன ஆளை இனிமேல் நேரில் பார்ப்பது அரிது. கிடைப்பதெல்லாம் கேட்ட கதை. எழுத்தாக்கும்போது ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் குறி போடணும்: கண்ணால் கண்டது, தாய் தகப்பன் சொன்னது, ஊரில் பேசிக்கொண்டது. தாய் சொன்னது என்றால் எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை, மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000க்கும் மேல், 1943ல் காலரா என்பதெல்லாம் இன்று பத்திரிகையிலும் நிகழ்ச்சிகளிலும் வந்துவிட்டது. குடும்ப நினைவில் அது கலந்துபோய்த் திரும்ப வரும். வீட்டு நினைவை அதிலிருந்து பிரிக்க ஒரே வழி, சின்ன விஷயத்தைக் கேட்பது. அப்பா போன அன்றைக்கு வீட்டில் யார் பால்மரம் வெட்டினது? அவர் பெயரிலிருந்த மரத் துண்டுக்கு (அவர் வெட்டிவந்த மரங்களுக்கு) யாரைப் போட்டார்கள்? திரும்பி வந்தபோது அதே வீட்டைக் கொடுத்தார்களா?

அந்தக் கடைசிக் கேள்விதான் திரும்புதலின் முழுச் சிக்கலையும் காட்டும். போனவர் செத்துவிட்டார் என்று நினைத்து மனைவி வேறொருவரோடு குடும்பம் நடத்தத் தொடங்கியிருக்கலாம். அவர் திரும்பி வந்திருக்கலாம். இதை நீங்களாகக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால், பதிவை நிறுத்தட்டுமா என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

கம்பிவேலி:

டீச்சர் சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். சயாம் விஷயத்தில் மென்மை சரி. அவசரகாலத்தில் நேராகக் கேட்கணும். யார் காட்டிக் கொடுத்தது, யார் காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு கொடுத்தது, யார் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகப் போனது. இதைக் கேட்காமல் சமாதானத்தைப் பற்றி என்ன ஆய்வு? தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் தூக்கில் போட்டது 1949 மே. இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுடப்பட்டதும் அதே வேளைதான். தொழிற்சங்கத்தில் இருந்தவன் எல்லாம் சந்தேகத்துக்கு ஆளானான். அந்தப் பயம் தோட்டத்துக்குள் என்ன செய்தது என்று யாரும் எழுதவில்லை.

வன்னிக்களம்:

பயம் என்ன செய்தது எண்டு கேக்கலாம், கேக்கத்தான் வேணும். ஆர் செய்தது எண்டு கேக்கக் கூடாது. ரெண்டும் வேற வேற ஆய்வு. இரண்டாவது விசாரணை, அதுக்குச் சாட்சிக்குப் பாதுகாப்பு வேணும், மறுதரப்புக்குப் பதில் சொல்ல உரிமை வேணும். மூண்டு பேர் கொண்ட குழுவிட்ட ரெண்டும் இல்லை. காட்டிக்குடுத்தவரின்ர பேத்தியும் பிடிபட்டவரின்ர பேரனும் ஒரே தாமானில இருக்கலாம். ஒரு பெயர் வெளியில போனால் நீங்கள் சமாதானத்தை அளக்க வந்த இடத்தில சண்டையை விட்டிட்டுப் போவீங்கள்.

பேராக்_டீச்சர்:

கம்பிவேலி தம்பி, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெயரைக் கேட்காமலே அந்தப் பயத்தைக் கேட்க வழி இருக்கு. வேலியில் இருந்த கேட்டைப் பற்றிக் கேளுங்கள். விடிகாலையில் பெரட்டு (ஆள்கணக்கு எடுப்பது) முடிந்து பால்வெட்டுக்குப் போகிற ஆட்களைக் கேட்டில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். காட்டிலிருப்பவர்களுக்கு உணவு போகக் கூடாது என்பதுதான் நோக்கம். வெட்டுக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை. டின் சாமானைக் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பது, வைத்துக்கொள்ள முடியாமல் அன்றைக்கே தீர்க்கணும். சில வட்டாரங்களில் அரிசியை வீட்டுக்கே கொடுக்காமல் ஒரே பொதுச் சமையல்கூடத்தில் பொங்கிச் சோறாகத்தான் கொடுத்தார்கள், சோறு சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதற்காக.

இப்போது கேளுங்கள். கைப்பிள்ளைக்காரி என்ன செய்தாள்? பெண்களைச் சோதனை போட்டது யார்? நோய்க்காரருக்குக் கஞ்சி எப்படிக் கிடைத்தது? வரிசையில் முன்னாடி நின்றது எந்த லயத்து ஆட்கள்? இரண்டு லயத்துச் சனத்தை ஒரே வேலிக்குள் வைத்தபோது மாரியம்மன் கரகம் எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டது? பயமும் பகையும் ஒத்தாசையும் எல்லாம் இந்தப் பதில்களில் வந்துவிடும். ஒரு பெயரும் வேண்டியதில்லை. யாராவது பெயரைச் சொன்னால், எழுத்தாக்கும்போது அந்த இடத்தில் கோடு மட்டும் போடுங்கள், ஒலியிலும் அந்த விநாடிகளை அழித்த பிரதியைத்தான் மற்றவர் கையில் கொடுக்கணும்.

கம்பிவேலி:

கேட்டும் சமையல்கூடமும் நல்ல வழி. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தடுப்புக்காவலையும் நாடு கடத்தலையும் விடாதீர்கள். 1949 ஜனவரியில் வந்த அவசரகால 17டி விதிப்படி ஒரு வட்டாரத்து ஆட்களையே மொத்தமாகப் பிடித்து வைக்க முடிந்தது. அது பெரும்பாலும் சீனர்கள் மேல் பாய்ந்தது. தமிழர் மட்டும் பட்டதாக எழுதினால் வரலாறு கோணிப்போகும். புதுக்கிராமங்களுக்கு (வேலி போட்ட மறுகுடியேற்றக் கிராமங்களுக்கு) பெயர்க்கப்பட்டவர்கள் ஐந்து லட்சம் அளவு, பெரும்பாலோர் சீனர். தோட்டத்திலும் சுரங்கத்திலும் ஒன்றுசேர்த்து வைக்கப்பட்ட தொழிலாளர்கள் அதைவிட அதிகம். பக்கத்துப் புதுக்கிராமத்து ஆட்களிடமும் இதே காலக்கட்டத்தை வைத்துக் கேட்க ஒரு சீனக் கூட்டாளி தேவை.

சட்டத்தாள்:

ஒப்புதல் விஷயம். கையெழுத்து வாங்குவது தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பயம் தரும். காகிதத்தில் கைநாட்டு வைத்துத்தான் பலர் பலதை இழந்தார்கள். வாய்மொழி ஒப்புதலைப் பதிவின் தொடக்கத்திலேயே வாங்குங்கள். ஒரே "சம்மதமா?" போதாது. பேசச் சம்மதமா, பதிவு செய்யச் சம்மதமா, பெயர் போடலாமா, பிற்காலத்தில் மற்றவர் கேட்கலாமா, படம் எடுக்கலாமா என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேட்டு ஐந்துக்கும் தனித்தனிப் பதில் வாங்குங்கள். எந்தத் தேதி வரை "என் பேச்சை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள். பேட்டிக்குப் பணம் தருவதாக முன்கூட்டிச் சொல்லாதீர்கள். எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி, 30 வெள்ளிக்குள் ஏதாவது பலகாரமோ மால்ட் பானமோ.

புனைபெயர் போட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. "1951ல் கேட்டில் காவல் இருந்தவரின் மூன்றாவது மகள், இப்போது சந்தைப் பக்கம் வீடு" என்று எழுதினால் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். வேலை, உறவு, தெரு மூன்றில் இரண்டை எடுங்கள். பெயர்ப் பட்டியலையும் பேட்டிகளையும் ஒரே கணினியில் வைக்காதீர்கள். தோட்ட ஆபீஸ் ஆளையோ கட்சிக் கிளைத் தலைவரையோ துணைக்குக் கூட்டிப் போகாதீர்கள். வழிகாட்ட உதவுவார்கள், ஆனால் வாசலில் அவர் நிற்கும்வரை உள்ளே ஒரு பேச்சும் வராது.

எண்சட்டம்:

மாதிரி எடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆழமான பேட்டி, விழுக்காட்டுக் கணக்கெடுப்பு இரண்டு வேலையையும் ஒரே ஆட்களின் மாதிரியை வைத்துச் செய்யாதீர்கள். ஆழமான பேட்டிக்கு எண்ணிக்கை முக்கியமில்லை; ஒரே மாதிரி அனுபவம் உள்ள குழுவில் 12லிருந்து 15 பேருக்குள் புதுச் செய்தி வருவது குறைந்துவிடும். அலை, ஆண் பெண், பால்வெட்டுக்காரர், கிராணி (கணக்குப்பிள்ளை) வீட்டார் என்று பிரித்தால் கட்டம் கூடிவிடும், கை தாங்காது. சயாம் அலைக்கும் அவசரகால அலைக்கும் முன்னுரிமை கொடுங்கள். பேசக்கூடியவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். மூன்றாவது அலை காத்திருக்கும்.

விழுக்காடு சொல்ல வேண்டுமானால் தனிக் கணக்கெடுப்பு. 100 பேரைத் தற்செயலாக எடுத்தால்கூட "பாதிப் பேர்" என்ற முடிவு இரு பக்கமும் 10 புள்ளி ஆடும். ஒரே தாமானில் ஒரே லயத்து ஆட்கள் குழுவாகக் குடியிருப்பதால் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதனால் 200 பேரைக் கேட்டாலும் 100 பேரின் பலம்தான் கிடைக்கக்கூடும். தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று போவதாக இருந்தால் ஒரே கோயில் தலைவரிடமிருந்து தொடங்காதீர்கள். கோயில், தொழிற்சங்கத்தின் பழைய ஆட்கள், பள்ளி முன்னாள் மாணவர், மருத்துவமனைக்கு வரும் முதியவர், கிறிஸ்தவக் குடும்பங்கள் என ஐந்து வேறு வாசல். ஒரு வாசலிலிருந்து ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். அப்படி எடுத்ததை வைத்து விழுக்காடு எழுதவே எழுதாதீர்கள்.

லயத்துப்பதிவு:

எல்லாருக்கும் நன்றி. "உறவு எப்படி" என்ற கேள்விதான் இன்னும் பாக்கி. எல்லாரும் "நன்று" சொல்வதை என்ன செய்வது?

வன்னிக்களம்:

அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடுங்கோ. ஆரும் தெரியாத ஆளிட்ட "பக்கத்து வீட்டாரை நம்பமாட்டன்" எண்டு சொல்லாயினம். பமீனா ஃபிர்ச்சோவும் ரோஜர் மெக் கிண்டியும் தொடங்கின அன்றாட அமைதிக் குறியீட்டு முறையைப் பாருங்கோ. சமாதானம் எண்டால் என்ன எண்டு ஆய்வாளர் தீர்மானிக்கிறேல்லை. 6 முதல் 8 பேர் கொண்ட குழுக்களில, பெண்கள் தனிய, ஆண்கள் தனிய, இளம் ஆக்கள் தனிய இருத்தி, "உங்கட இடம் அமைதியாக இருக்கெண்டு எதை வைச்சுச் சொல்லுவீங்கள்" எண்டு கேக்கிறது. "இரவு நாய் குரைக்கேல்லை எண்டால்" மாதிரி மிகச் சின்ன அடையாளங்கள் வரும். அவற்றைத் தொகுத்து, திரும்ப ஊருக்கே கொண்டுபோய் எது முக்கியம் எண்டு வாக்கெடுத்து, பிறகு அதையே கணக்கெடுப்பில கேக்கிறது.

இங்க என்ன வரும் எண்டு நான் சொல்லக் கூடாது, ஆனால் கேள்வியின்ர வடிவம் இப்பிடி இருக்கட்டும்: கடைசியாக உங்கட வீட்டுச் சாவுக்கு வேற இனத்து ஆர் வந்தவை? அவசரத்துக்குப் பிள்ளையை ஆரிட்ட விட்டனீங்கள்? கடைசியாக ஆருக்குக் காசு கைமாத்துக் குடுத்தனீங்கள்? பின்னேரத்தில ஒரே திடலில ஆர் ஆர் விளையாடுகினம்? "கடைசியாக" எண்டு நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டால் "நன்று" எண்டு சொல்லித் தப்ப ஏலாது.

கம்பிவேலி:

தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் எங்கே போய் இறங்கினார்கள் என்பதையும் இதோடு சேர்க்கணும். தோட்டத்தில் கோயில், பள்ளி, ஆயாக்கொட்டகை (பிள்ளை பார்க்கும் இடம்), திடல் எல்லாம் கூடவே இருந்தது. வெளியே வந்தபோது பலருக்கு நெருக்கடியான புறம்போக்குக் குடியிருப்புதான். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவுக்குப் பக்கத்தில் கம்போங் மேடான் இனக்கலவரத்தில் ஆறு உயிர் போனது அந்த மாதிரி நெருக்கடியான இடத்தில்தான். போரும் இல்லை, வேலியும் இல்லை. இடம் பெயர்த்ததற்கும் பகைக்கும் நடுவில் வீட்டு வசதி நிற்கிறது. உங்கள் படிவத்தில் புது இடத்தின் குடிநீர், சாக்கடை, திடல் மூன்றையும் கட்டாயம் கேளுங்கள்.

எண்சட்டம்:

அத்துடன் 1989 டிசம்பர் 2ல் தாய்லாந்தின் ஹாட்யாயில் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஊரில் என்ன பேசினார்கள் என்ற கேள்வியைக் காலக்கட்டத்தின் கடைசி ஆணியாக வையுங்கள். தாளில் போர் 1960ல் முடிந்தது, ஒப்பந்தம் 29 வருடம் கழித்து. ஊர் மனதில் எப்போது முடிந்தது என்பதை இந்த இரண்டு ஆணிக்கும் நடுவில் அவர்களே காட்டட்டும்.

லயத்துப்பதிவு:

திருத்திய திட்டம் இது. முதல் ஆறு வாரம் ஏடுகள் மட்டும். மூன்று பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, இரண்டு கோயில் உபய நோட்டு. பிறகு சயாம், அவசரகாலம் இரண்டு அலைக்கும் சேர்த்து 24 பேர், ஆளுக்கு இரண்டு தடவை, காலக்கட்டத்தோடு. 64 கேள்வியைக் கைவிட்டு எட்டு அளவுகோலுக்குக் கீழே 22 கேள்வி. தமிழ்நாட்டுக்குப் போனவர்களில் 10 பேருக்குப் போன் பேட்டி. புதுக்கிராமப் பக்கத்துக்குச் சீனக் கூட்டாளி தேடுகிறோம். குழு விவாதம் நான்கு. கணக்கெடுப்பு அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவைப்பு.

கிராணிமேசை:

நல்லது. இரண்டு திருத்தம். பள்ளி ஏடு பார்க்கப் பள்ளியாண்டு முடிகிற சமயத்தில் போக வேண்டாம் தம்பி. ஆபீஸில் ஆள் இருந்தாலும் வேலை நெருக்கம், அலமாரிச் சாவி வேறொருவரிடம் இருக்கும். தவணை தொடங்கி மூன்றாவது வாரம் போங்கள். அடுத்தது, ஏட்டிலிருந்து எழுதிய பட்டியலைப் பேட்டிக்குக் கொண்டுபோய் முதலிலேயே காட்டாதீர்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு எடுங்கள். முன்னாடியே காட்டினால் காகிதத்தில் உள்ளதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். ஏடும் பேச்சும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதி வையுங்கள். லயம் ஏட்டில் 1951ல் காலி, அவர் சொல்வது 1953 என்றால், அந்த இரண்டு வருடம் யார் எங்கே படுத்தார்கள் என்று கேட்க வேண்டிய இடம் அதுதான்.

பேராக்_டீச்சர்:

முதல் பேட்டி முடிந்த மறுநாள் போன் பண்ணி "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்கிற வேலையையும் திட்டத்தில் ஒருவர் பெயருக்கு எழுதி வையுங்கள். தூக்கம் வரவில்லை என்றால் இரண்டாவது தடவையைத் தள்ளிப்போடணும். வீட்டில் மகளுக்கோ மருமகளுக்கோ முன்கூட்டியே சொல்லி வைப்பதும் அவரே பார்க்கட்டும். எழுத்தாக்கியதை அச்செடுத்து, பெரிய எழுத்தில், அந்த வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் ஒலிப்பதிவையும் சேர்த்து.